டால்பினைத் துரத்தும் பயணத்தை அட்டவணையிலிருந்து எடுங்கள்: கைட்சர்ஃபிங் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தான்சானியாவின் சான்சிபார் தீவிலுள்ள பாஜே கடற்கரைக்கு ஒவ்வொரு பருவமும் நம்மவர்களைக் குழு சேர்த்துக் கூட்டிப்போகும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வரும் குசி பருவத்துக்கான அட்டவணை கைக்கு வந்தது. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றை நம்பித்தான் நாங்கள் லீவு போடுகிறோம், பணம் சேர்த்து வைக்கிறோம். யாருக்கு எந்த அளவு கைட் (பலகையில் நிற்பவரை நீர்மேல் இழுத்துப்போகும் பட்டம்), எந்தப் பயிற்சியாளர், எத்தனை மணிக்குக் கடல் என்பதையெல்லாம் கவனமாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் எனக்குக் குறை இல்லை. கடலில் இல்லாத நேரத்துக்கு நீங்கள் போட்டிருக்கும் சுற்றுலாக்கள்தான் என்னை எழுத வைக்கின்றன.

இதுவரை விரும்பியவர்கள் மட்டும் தனியாகப் பணம் கட்டிப் போய்வந்த "டால்பினுடன் நீச்சல்" இப்போது எல்லோருக்குமான பொதுக் கட்டணத்திலேயே சேர்ந்துவிட்டது. குரங்குகள் வாழும் ஜோசானி காடு "விருப்பம் இருந்தால்" என்ற வரிக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. சான்சிபாரின் பழைய நகரமான ஸ்டோன் டவுனோ, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கடைவீதியில் இறக்கிவிடும் நிறுத்தமாகச் சுருங்கிவிட்டது. ஏன் இப்படி என்று உங்களில் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். "காற்று இல்லாத அன்னைக்கு ஆளுங்களைச் சும்மா உட்கார வைக்க முடியாது. எல்லாரும் கேக்கிறது டால்பினைத்தான்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீங்கள் விற்கும் அந்தப் பயணத்தில் என்ன நடக்கிறது என்பதைப் படகில் உட்கார்ந்து பார்த்தவள் நான். விடியும் முன்பே வேனில் ஏற்றி, தீவின் தென்முனையில் இருக்கும் கிசிம்காசிக்குக் கொண்டுபோனார்கள். தெற்குக் காற்று ஓயாத காலம் என்பதால் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளியதுமே படகு தூக்கித் தூக்கிப் போட்டது. எங்களுக்கு முன்பே பல படகுகள் அங்கே வட்டமடித்துக்கொண்டிருந்தன. முதுகுத் துடுப்பு ஒன்று தெரிந்ததும் எல்லா எஞ்சின்களும் ஒரே நேரத்தில் முறுக்கப்பட்டன. கூட்டம் போகும் திசையைக் கணித்து, அதற்கு முன்னால் போய்ப் படகைக் குறுக்கே நிறுத்தி, "குதி, குதி" என்று கத்தினார்கள். மாஸ்க்கைச் சரியாக மாட்டக்கூட நேரமில்லாமல் நம்மவர்கள் விழுந்தார்கள். டால்பின்கள் அடியில் போய்விட்டன. ஏணியைப் பிடித்து எல்லோரும் ஏறியதும், மறுபடி எஞ்சின், மறுபடி துரத்தல், மறுபடி குதி.

நான் குதிக்கவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய், அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. தாய் ஒரு முறை மூச்சு விட வரும்போது குட்டி அவசர அவசரமாக இரண்டு முறை தலையைத் தூக்கியது. அவை வலப்பக்கம் திரும்பினால் அங்கே ஒரு படகு, இடப்பக்கம் திரும்பினால் இன்னொரு படகு. கடைசியில் இரண்டும் ஆழத்தில் இறங்கி, எங்கே போனதென்று தெரியாமல் மறைந்தன. நீச்சல் சரியாக வராத ஓர் அக்காவை, அளவு பொருந்தாத லைஃப் ஜாக்கெட்டோடு இறக்கிவிட்டிருந்தார்கள். உப்புத் தண்ணீரைக் குடித்து, எஞ்சின் புகையில் குமட்டிக்கொண்டு அவர் படகு ஏறினார். எந்த டால்பினையும் அவர் பார்க்கவில்லை.

அங்கே வாழ்பவை பெரும்பாலும் இந்தோ-பசிபிக் பாட்டில்மூக்கு டால்பின்கள். ஒரு தாய் ஏறக்குறைய ஓராண்டு வயிற்றில் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈன்று, அதன் பிறகும் நெடுநாள் பால் கொடுக்கிறது. அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். இந்தக் கடலிலேயே செய்து 2007ல் வெளியான ஓர் ஆய்வு, படகும் நீந்துகிறவர்களும் கூடக் கூடப் பெண் டால்பின்கள் திசை மாறி மாறி ஓடுவது அதிகமாகிறது என்று காட்டியது. அதற்குப் பிறகு வந்த ஆய்வும் ஓய்வெடுக்கும் நேரம் குறைவதைச் சொன்னது. ஓய்வும் பால் கொடுப்பதும்தான் பறிபோகின்றன, நாம் போட்டோ எடுக்கும் அந்த நிமிடங்களில். கிசிம்காசியை ஒட்டிய மெனாய் விரிகுடா 1997லிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதி. துரத்தக் கூடாது, கூட்டத்தை ஊடறுக்கக் கூடாது என்று படகோட்டிகளுக்கு வழிகாட்டுதலும் இருக்கிறது. நாங்கள் போன காலையில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இதற்காகப் படகோட்டிகளை நான் குற்றம் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அந்த ஊரில் சுறாவுக்கு இரையாக டால்பின்களைக் கொன்றார்கள். 1990களில் பயணிகள் வரத் தொடங்கியதும் அந்த வேட்டை நின்றது. அது பெரிய மாற்றம், அதன் பயன் அந்த ஊராருக்குக் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு கிட்டே கொண்டுபோய் நிறுத்துகிறாரோ அவ்வளவு டிப்ஸ் என்ற நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, தள்ளி நிற்கவில்லையே என்று அவரிடம் கேட்பது நியாயம் இல்லை. குழுவை அனுப்புகிறவர்கள் நீங்கள். தூரத்தில் நின்று பார்த்தால் போதும், யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள், அதற்கும் இதே பணம் என்று நீங்கள் முன்கூட்டியே பேசி வைத்தால் படகு தள்ளித்தான் நிற்கும்.

"எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க" என்கிறீர்களே, உங்கள் விளம்பரத்தில் முதலில் இருக்கும் படம் எது என்று பாருங்கள். தெளிந்த நீலத்தில் ஒரு பெண், கை நீட்டும் தூரத்தில் டால்பின். பாஜேக்கு முதல் முறை வருகிறவர் அந்தப் படத்தைத் தவிர வேறு என்னத்தைக் கேட்பார்? ஜோசானியில் சிவப்புக் கொலபஸ் குரங்கு இருக்கிறது என்று சொன்னால்தானே அதைக் கேட்பார்? நீங்கள் எதைக் காட்டுகிறீர்களோ அதைத்தான் கேட்பார்கள்.

காற்று இல்லாத நாளை எப்படியாவது நிரப்ப வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. சரி, காற்றைப் பல மாதங்களுக்கு முன்பே யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கடல் ஏறுவதும் வற்றுவதும் அப்படி இல்லை. ஓராண்டுக்கான ஓத அட்டவணை இப்போதே கையில் கிடைக்கும். பாஜேயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் 4 மீட்டர் வரைகூட ஏறி இறங்குகிறது. அந்த நாட்களில் முற்பகலில் கடல் வெகுதூரம் பின்வாங்கி, பவளத்திட்டு வரை மணலும் கணுக்கால் அளவுத் தண்ணீருமாகக் கிடக்கும். பழகுகிறவர்கள் அதில் கைட் பிடித்தால் விழுந்து அடிபடுவார்கள் என்பது உங்கள் பயிற்சியாளர்களுக்குத் தெரியும். அந்த வற்று நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதும் தெரியும். அப்படியிருக்க, காற்றே அடித்தாலும் கடல் பயன்படாத அந்தக் காலைகளுக்கு ஏன் முன்கூட்டியே ஒரு திட்டம் இல்லை? காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு, "வாங்க, டால்பினுக்குப் போகலாம்" என்று வேனை வரவழைப்பதைத் திட்டம் என்று சொல்ல முடியாது.

அந்தக் காலைகளில் பார்க்க வேண்டியது நம் காலடியிலேயே இருக்கிறது. நாம் கைட் பறக்கவிடும் அதே ஆழமில்லாத நீரில்தான் பாஜே பெண்கள் கடற்பாசி வளர்க்கிறார்கள். 1989ல் பாஜேயிலும் பக்கத்து ஜம்பியானியிலும் தொடங்கிய விவசாயம் அது. மணலில் வரிசையாகக் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி கயிறு கட்டி, கயிற்றில் இடைவெளி விட்டு விட்டுப் பாசித்துண்டுகளை முடிந்துவிடுகிறார்கள். ஆறு வாரம் போல வளரவிட்டு அறுத்து, கரையில் உலர்த்தி விற்கிறார்கள். அதிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற பசைப்பொருள்தான் பற்பசையிலும் ஐஸ்கிரீமிலும் கலக்கப்படுகிறது. தண்ணீர் சூடாகிக்கொண்டே போவதால் நல்ல விலை கிடைக்கும் காட்டோனி ரகம் கரையோரத்தில் அழுகிப்போகிறது. விலை குறைந்த ஸ்பினோசம் ரகத்தைத்தான் பெரும்பாலும் கட்ட முடிகிறது.

நம் குழுவில் ஒருவர் அந்தக் கயிறுகளின் மேல் கைட்டைப் போட்டதை நான் பார்த்தேன். கடல் ஏறிக்கொண்டிருந்த நேரம். காற்றடிக்கும் திசையிலேயே இழுபட்டுப் போனவர், கைட் தண்ணீரில் விழுந்ததும் கைட்டோடு இணைத்திருக்கும் லைன்களைத் தன் பக்கம் இழுத்தார். லைன் ஒன்று பாசிக் குச்சியில் சுற்றிக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தார். குச்சி பிடுங்கிக்கொண்டு வந்தது, கயிறு அறுந்தது, கொத்துக் கொத்தாகப் பாசி மிதந்து போனது. அங்குள்ள பெண்கள் உடுத்தும் கங்காத் துணி இடுப்பு வரை நனைந்திருக்க அந்த வரிசையில் வேலை செய்துகொண்டிருந்த பெண்மணி ஒன்றும் பேசவில்லை. மிதந்ததில் கைக்கு எட்டியதை அள்ளிச் சாக்கில் போட்டார், அறுந்த முனைகளைச் சேர்த்து முடிந்தார். நம் ஆள் சாரி, சாரி என்று சொல்லிக்கொண்டே நின்றார். பயிற்சியாளர் வந்து லைனை விடுவித்து, "கொஞ்சம் இடப்பக்கமா போய் ஆரம்பிங்க" என்றார், அவ்வளவுதான். அந்தக் கயிறுக்கும் ஆறு வார உழைப்புக்கும் யார் பணம் கொடுப்பது என்ற பேச்சே வரவில்லை. பாசி வரிசைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று முதல் நாள் விளக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. கைட்டை எங்கே இறக்க வேண்டும், யாருக்கு வழிவிட வேண்டும், எந்தப் பக்கம் கடல் முள்ளெலி கிடக்கிறது என்றெல்லாம் சொன்ன அந்த விளக்கத்தில் இது மட்டும் இல்லை.

கடற்பாசியிலிருந்து சோப்பும் எண்ணெயும் செய்யும் பெண்கள் பாஜேயிலேயே இருக்கிறார்கள். கடல் வற்றும் நேரம் பார்த்துக் கூட்டிப்போய், எப்படிக் கட்டுகிறார்கள், எப்படி உலர்த்துகிறார்கள் என்று காட்டுகிறார்கள். நானே தனியாகப் போய்வந்தேன். ஒரு பெண்மணி என் கையில் பாசித்துண்டைக் கொடுத்து முடியச் சொன்னார். நான் முடிந்ததை ஒரு விரலால் தட்டினார், அது கழன்று விழுந்தது. அவரே என் விரலைப் பிடித்து இன்னொரு முறை முடிய வைத்தார். அந்த வேலையைக் கையால் செய்துபார்த்த ஒருவர் அதற்கப்புறம் பாசி வரிசைக்குப் பக்கத்தில் கைட்டைக் கொண்டுபோகவே யோசிப்பார். பாதுகாப்புப் பாடமும் சுற்றிப்பார்ப்பதும் ஒரே காலையில் முடியும். வேன் வேண்டாம், படகு வேண்டாம், நடந்தே போகலாம். உங்கள் அட்டவணையில் இது ஒரு வரியாகக்கூட இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜோசானியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பாஜேயிலிருந்து நகரத்துக்குப் போகும் சாலையே அதன் ஊடாகத்தான் போகிறது. 2004லிருந்து அது தேசியப் பூங்கா. அங்கே இருக்கும் சான்சிபார் சிவப்புக் கொலபஸ் இந்தத் தீவுக் கூட்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. இலையில் இருக்கும் நஞ்சை முறிக்கக் கரித்துண்டைத் தின்னும் குரங்கு அது. வண்டியில் அடிபட்டுச் சாவது அதிகமானதால் அங்கே சாலையில் வேகத்தடை போட்டிருக்கிறார்கள். உள்ளூர் வழிகாட்டியோடு நடக்கலாம், அலையாத்திக் காட்டுக்குள் மரப்பாலம் இருக்கிறது, கட்டணத்தில் ஒரு பங்கு சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. குரங்கைத் தொடக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது என்பதை வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்கிறார். கிசிம்காசியில் நான் எதிர்பார்த்த கண்டிப்பு அதுதான்.

ஸ்டோன் டவுன் விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. 2000ல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த நகரம். 1873ல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில்தான் அங்கே ஆங்கிலிக்கன் தேவாலயம் எழுந்தது. அதன் முற்றத்தில் ஒரு குழி, அதற்குள் கழுத்தில் சங்கிலி பூட்டிய சிலைகள் நிற்கின்றன. பார்க்கிறவர் குனிந்து பார்க்க வேண்டும், அவை நிமிர்ந்து நம்மைப் பார்ப்பதில்லை. அங்கே போகலாமா என்று நான் கேட்டபோது குழுத்தலைவர், "லீவுக்கு வந்த இடத்துல சோகம் எதுக்குங்க?" என்றார். கடைவீதிக்குத்தான் நேரம் ஒதுக்கினார். எங்களுக்கு எது சோகம், எதை நாங்கள் தாங்குவோம் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். வளர்ந்தவர்கள் நாங்கள். இடங்களின் பெயரைச் சொல்லுங்கள், நேரம் கொடுங்கள், போகிறவர் போகட்டும். அந்த நகரில் 1883ல் கட்டிய அதிசய மாளிகையின் ஒரு பகுதி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது உங்களுக்கும் தெரியும். பிறகு காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட எல்லாம் அங்கே அப்படியே இருந்துவிடப் போவதில்லை.

கிசிம்காசியிலேயே, படகு ஏறும் கடற்கரைக்குப் பக்கத்தில், ஹிஜ்ரி 500ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள பள்ளிவாசல் இருக்கிறது. கி.பி. 1107. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் மிகப் பழைய இஸ்லாமியக் கட்டடங்களில் ஒன்று. எங்கள் வேன் அதைக் கடந்துதான் போனது. யாரும் வாய் திறக்கவில்லை.

உங்களோடு வருகிறவர்கள் எல்லோரும் கைட் பிடிக்கிறவர்கள் இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மனைவி கைட் பழக, கணவர் கூட வருவார். மகன் பழக, அம்மா கூட வருவார். காற்று நன்றாக அடிக்கும் நாளில் நாங்கள் கடலை விட்டு வருவதே இல்லை. அன்று முழுக்க அவர்கள் முகாமின் நிழலில் உட்கார்ந்து எங்கள் கைட் எது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். காற்று விழுந்தால்தான் அவர்களுக்கு வேன் வரும், அதுவும் டால்பினுக்கு. முழுக் கட்டணம் அவர்களும்தான் கட்டுகிறார்கள். நல்ல காற்று நாளில் நகரத்துக்கோ காட்டுக்கோ அவர்களுக்கென்று ஒரு வண்டி ஏன் போகக் கூடாது? இதைக் கேட்ட ஓர் அம்மாவிடம் "நாளைக்குக் காத்து எப்படின்னு பாத்துட்டுச் சொல்றோம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வாரம் முழுக்கக் காற்று அடித்தது.

இன்னும் ஒன்று, சுருக்கமாக. மணல்திட்டுப் பயணங்களில் நட்சத்திர மீனைத் தண்ணீரிலிருந்து தூக்கித் தலையிலும் தோளிலும் வைத்துப் படம் எடுக்கச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. தண்ணீரில்தான் அது மூச்சு விடுகிறது. வெளியே எடுத்து வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்குத் தவிப்பு. நம் குழுத்தலைவர்களே முதலில் தூக்கிக் காட்டுவதை நிறுத்தினால் மற்றவர்கள் தூக்க மாட்டார்கள்.

ஆகவே கேட்கிறேன். "டால்பினுடன் நீச்சல்" என்பதைப் பொதுக் கட்டணத்திலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் இந்தப் பருவத்துக்கே எடுத்துவிடுங்கள். டால்பின் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக, யாரும் தண்ணீரில் இறங்காத, தள்ளி நின்று பார்க்கும் படகை மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். குட்டியோடு இருக்கும் கூட்டத்தைக் கண்டால் விலகிப்போக வேண்டும், ஏற்கெனவே படகுகள் சூழ்ந்திருந்தால் அருகில் போகவே கூடாது என்று படகோட்டியிடம் முன்பே பேசி, டிப்ஸை நம்பி இருக்க வேண்டாத அளவுக்கு முழுக் கூலியையும் கொடுத்துவிடுங்கள். நீச்சல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அளவான லைஃப் ஜாக்கெட் இல்லாமல் நம்மவர் யாரையும் படகில் ஏற்றாதீர்கள்.

ஓத அட்டவணையைப் பயணிகளுக்கு முன்கூட்டியே அனுப்பி, கடல் வற்றும் காலைகளில் கடற்பாசிப் பெண்களோடு ஒரு நடையைக் கட்டாயப் பகுதியாக வையுங்கள், அதற்கான பணம் அவர்கள் கைக்கே நேராகப் போகட்டும். முதல் நாள் விளக்கத்தில் பாசி வரிசைகளின் இடத்தைக் காட்டுங்கள். அறுந்த கயிறுக்கு யார், எவ்வளவு, அன்றைக்கே எப்படிக் கொடுப்பது என்று எழுதி வையுங்கள். ஜோசானியைப் பொதுக் கட்டணத்துக்குள் திரும்பக் கொண்டுவாருங்கள். ஸ்டோன் டவுனுக்கு ஒரு முழுப் பகலைக் கொடுங்கள், தேவாலய முற்றமும் அதில் இருக்கட்டும். கைட் பிடிக்காதவர்களுக்குக் காற்றடிக்கும் நாளிலும் வண்டி போக வேண்டும்.

பெயர் கொடுத்தவர்கள் மீதிப் பணத்தைக் கட்டும் தேதிக்கு முன்பே உங்கள் முடிவு தெரிய வேண்டும். பதிலை எனக்கு மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். இந்தப் பருவத்துக்குப் பெயர் கொடுத்த எல்லோருக்கும், திருத்திய அட்டவணையோடு சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுவோடு பாஜே வந்த ஒரு பயணி